சும்மா சுற்றிய தம்பி... சோறு போட்ட அக்கா! திருவண்ணாமலையில் ஒரு நாள் நடை

'தி பீச் பம்' என்றொரு ஆங்கிலப் படம், 2019-ல் வந்தது. மேத்யூ மெக்கானஹே ஹீரோ. படத்தில் அவர் பெயர் மூன்டாக். தொழில், கவிஞர். ஆனால், எழுதுவதைத் தவிர மற்ற எல்லாம் செய்வார். ஃப்ளோரிடா கடலோரத்தில் கலைந்த தலையும் கசங்கிய சட்டையுமாக அலைவார். குடி, கூத்து, கும்மாளம். நாளை என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பார்க்கிற நமக்கு ஒரு பக்கம் சிரிப்பு வரும். இன்னொரு பக்கம் 'கொடுத்துவைத்த ஆளய்யா!' என்று பொறாமையும் வரும்.

அத்தனை ஆட்டத்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? மனைவியிடமிருந்து. அவர் பெரும் பணக்காரி. ஒருநாள் அவர் கார் விபத்தில் இறந்துபோகிறார். உயிலைப் பிரித்தால் ஒரு நிபந்தனை: பாதியில் விட்ட புத்தகத்தை எழுதி முடித்தால்தான் மூன்டாக்குக்குப் பணம்! (பெரியவர்களுக்கான படம். ஹாலில் குழந்தைகள் இருக்கும்போது போட்டுவிடாதீர்கள்.)

சுகவாசியான ஒரு கவிஞன். அவனைத் தாங்கிய ஒரு பெண். ஒருநாள் அந்தக் கை நின்றதும் அவனுக்குள் இருந்த பாட்டு வெளியே வருகிறது. இதைக் கேட்டதும் உங்களுக்கு வேறொரு பெயர் ஞாபகம் வருகிறதா? வர வேண்டும். இந்தக் கதையை நம் ஊரில் பல நூறு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கோபுரம் இருக்கிறது, சந்நிதி இருக்கிறது, சினிமாவும் இருக்கிறது. ஊர், திருவண்ணாமலை. ஆள், அருணகிரிநாதர்.

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 190 கிலோமீட்டர். செஞ்சிக் கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அண்ணாமலை கண்ணில் பட ஆரம்பித்துவிடும். பௌர்ணமியன்று போனால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள்தான். இந்த நடைக்குக் கூட்டமில்லாத ஒரு சாதாரண நாள் போதும். காலையிலேயே கோயிலுக்குள் போய்விடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

டி.எம்.எஸ் நடித்த அருணகிரி

போவதற்கு முன்பு ஒரு படம் பார்த்துவிட்டுப் போவது நல்லது. 1964-ல் வந்த 'அருணகிரிநாதர்'. டி.எம்.சௌந்தரராஜன் பின்னணி பாடியதோடு நிற்காமல், தானே நாயகனாகவும் நடித்த படம். இதற்கு இரண்டு வருடங்கள் முன்பு 'பட்டினத்தார்' படத்திலும் அவர்தான் நாயகன். அருணகிரிநாதருக்கு இசை, ஜி.ராமநாதனும் டி.ஆர்.பாப்பாவும். படத்தை மறந்தவர்கள்கூட 'முத்தைத்தரு' பாடலை மறந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கும் கோயில் வாசல் கேசட் கடை காலத்து ஆட்கள் அந்தப் பாட்டை மூச்சு வாங்காமல் பாடிக் காட்டுவதை ஒரு வீரமாகவே நினைக்கிறார்கள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெற்றோரை இழந்த தம்பி. வளர்த்தது அக்கா. தம்பிக்குத் தாசி வீடே கதி. அக்கா இல்லையென்று சொல்லாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். நகை போகிறது, நிலம் போகிறது, வீட்டுச் சாமான் போகிறது. தம்பியின் உடம்பிலும் நோய் வந்துவிடுகிறது. ஆனாலும் ஆசை விடவில்லை. ஒருநாள் வந்து பணம் கேட்கிறான். கொடுக்க எதுவுமே மிச்சமில்லை. அப்போது அக்கா சொன்ன பதிலைக் கதாகாலட்சேபக்காரர்கள்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். 'உனக்கு வேண்டியது ஒரு பெண்தானே, நான் இருக்கிறேனே' என்கிறாள்.

அந்த ஒரு சொல்லில் தம்பி நொறுங்கிப்போகிறான். கோபுரத்தில் ஏறிக் கீழே குதிக்கிறான். முருகன் தாங்கிப் பிடித்து, 'சும்மா இரு' என்று உபதேசிக்கிறார். பாடச் சொல்லி முதல் அடியும் எடுத்துக் கொடுக்கிறார்.

இது மரபாகச் சொல்லப்படும் கதை. திருப்புகழில் பெண்ணாசையை நொந்துகொள்ளும் பாடல்கள் நிறைய இருப்பதால், அவற்றை வைத்தே பின்னால் வந்தவர்கள் இப்படியொரு வாழ்க்கைக் கதையைக் கட்டியிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அது எப்படி இருந்தாலும், ஒரு வீட்டை நன்றாகத் தெரிந்தவர்கள் கட்டிய கதை இது. ஊதாரித் தம்பியும் ஒன்றும் சொல்லாத அக்காவும் எந்தத் தெருவில்தான் இல்லை?

கேமராவுக்குப் பின்னால் ஒரு அக்கா

இந்தப் படத்தின் இயக்குநர் டி.ஆர்.ராமண்ணா. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி'யை 1954-ல் இயக்கியவர் இவர்தான்.

ராமண்ணாவின் அக்கா யார் தெரியுமா? டி.ஆர்.ராஜகுமாரி! 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தில், எம்.கே.தியாகராஜ பாகவதரை மயக்கும் ரம்பா அவர்தான். அந்தப் படமும் ஒரு சுகவாசியின் கதைதான். குதிரையில் ஜாலியாகப் பாடிக்கொண்டு வரும் ஹரிதாஸ், தாசியின் பேச்சில் மயங்கிப் பெற்றோரைத் தவிக்கவிட்டு, கடைசியில் அவர்கள் காலடியில் வந்து விழுவான். நடுவில் என்.எஸ்.கிருஷ்ணன் - டி.ஏ.மதுரம் காமெடி.

திரையில் குடும்பம் கெடுக்கும் தாசி. நிஜத்தில் ராஜகுமாரி, தம்பியோடு சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸ் என்ற படக் கம்பெனியைத் தொடங்கிய அக்கா. நட்சத்திரமாக அவர் சம்பாதித்த பேரும் பணமும் தம்பிக்குப் படியாக இருந்தன. 'கூண்டுக்கிளி', 'குலேபகாவலி' எல்லாம் அந்தக் கம்பெனிப் படங்கள்தான். அப்படி அக்காவின் துணையோடு மேலே வந்த ஒருவர், அக்காவின் கையிருப்பைக் கரைத்த அருணகிரியின் கதையைப் படமாக எடுத்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அக்காவும் தம்பியும் வருகிற காட்சிகள் வேறு மாதிரித் தெரிகின்றன.

எந்தக் கோபுரம்?

இப்போது கோயிலுக்குள் போவோம். கிழக்கே 11 நிலைகளோடு 217 அடி உயரத்தில் நிற்கும் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது, 'இதிலிருந்தா குதித்தார்!' என்று வயிறு கலங்கும். கலங்க வேண்டாம். இது அந்தக் கோபுரம் இல்லை. அருணகிரியார் 15-ம் நூற்றாண்டுக்காரர். பிரபுடதேவராயரைத் தன் பாட்டிலேயே குறிப்பிடுகிறார். ராஜகோபுரம், அவருக்குப் பின் வந்த கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சையின் செவ்வப்ப நாயக்கர் முடித்தது.

ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால், வலப்பக்கம் ஆயிரங்கால் மண்டபம். இடப்பக்கம் சிவகங்கைத் தீர்த்தம். அதன் முன்னால் கம்பத்து இளையனார் சந்நிதி. கம்பம் என்றால் தூண். அரசன் சபையில் சம்பந்தாண்டான் என்பவன் சவால் விட, அருணகிரியார் பாட, முருகன் தூணில் காட்சி கொடுத்த இடம் என்கிறார்கள்.

அதையும் தாண்டினால் அடுத்த கோபுரம், வல்லாள மகாராஜா கோபுரம். ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் 14-ம் நூற்றாண்டில் கட்டியது. அருணகிரியார் ஏறிய கோபுரம் இதுதான் என்பது நம்பிக்கை. பக்கத்திலேயே கோபுரத்து இளையனார் சந்நிதி. விழுந்தவனைத் தாங்கிய முருகன்.

அங்கே ஒரு ஆயா, ஏழெட்டு வயதுப் பேரனை இழுத்துப் பிடித்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ்ளோ மேலேருந்தா ஆயா குதிச்சாரு?"

"ஆமாண்டா கண்ணு. முருகரு வந்து அப்டியே புடிச்சுக்கினாரு."

"அப்ப அந்த அக்கா?"

"எந்த அக்கா?"

"காசு குடுத்தாங்களே... அவங்க அப்புறம் என்னா ஆனாங்க?"

ஆயா ஒரு நிமிடம் யோசித்தார். "அதை யாரும் சொல்லலியேடா. கதை அவரு பின்னாடியே பூடுச்சு" என்றார். பிறகு திருநீற்றை எடுத்துப் பேரன் நெற்றியில் பூசிவிட்டார்.

உண்மைதான். கதை அவர் பின்னாலேயே போய்விட்டது. தம்பி இருநூறுக்கும் மேற்பட்ட தலங்களுக்கு நடந்தார், பாடினார். அந்தப் பாடல்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்க்க ஒரு மனிதர் வந்தார். ஜில்லா முன்சீபாக இருந்த வ.த.சுப்பிரமணிய பிள்ளை, 1894-ல் திருப்புகழின் முதல் தொகுதியை வெளியிட்டார். இன்று நம் கையில் இருக்கும் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு அந்த உழைப்பே அஸ்திவாரம். ஆனால், காலி வீட்டில் தனியாக நின்ற அக்காவைத் தேடி யாரும் போகவில்லை. இவ்வளவு பெரிய கோயிலில் அவளுக்கென்று ஓர் இடம் என் கண்ணில் படவில்லை.

இன்னும் உள்ளே போனால் கிளிக் கோபுரம். அரசனின் கண்பார்வைக்காகத் தேவலோகத்துப் பாரிஜாதம் கொண்டுவர, அருணகிரியார் தன் உடலை விட்டுவிட்டுக் கிளியின் உடலில் புகுந்து பறந்தாராம். திரும்பி வருவதற்குள் சம்பந்தாண்டான் அந்த உடலை எரிக்க வைத்துவிட்டான். அதனால் கிளியாகவே இருந்து பாடினார் என்பது கதை. கோபுரத்தில் கிளி இருக்கிறது, தேடிப் பாருங்கள். குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. எனக்கோ ஒன்று தோன்றியது: விட்டுவிட்டுப் போன உடம்பைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு வீட்டு ஆள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லையே!

இரண்டு ரூபாயை வைத்துவிட்டுப் போன பையன்

'சும்மா' என்பது விசித்திரமான சொல். வேலைவெட்டி இல்லாமல் சுற்றுபவனையும் 'சும்மா இருக்கான்' என்கிறோம். மனம் அடங்கி அமர்ந்தவரையும் 'சும்மா இருக்கிறார்' என்கிறோம். அருணகிரியார் முதல் 'சும்மா'விலிருந்து இரண்டாவது 'சும்மா'வுக்குத் தாவியவர். அதே ஊருக்கு, இரண்டாவது 'சும்மா'வைத் தேடி, 1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து ஒரு 16 வயதுப் பையன் வந்து இறங்கினான். பெயர் வெங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி.

அவர் வீட்டை விட்டுக் கிளம்பிய விதத்தைக் கவனிக்க வேண்டும். அண்ணனின் காலேஜ் ஃபீஸ் கட்ட 5 ரூபாய் எடுத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். ரயில் செலவுக்கு 3 ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டு, மிச்சம் 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். தேட வேண்டாம் என்றும், அண்ணனின் ஃபீஸ் இன்னும் கட்டவில்லை என்றும் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் துறக்கக் கிளம்பிய பையன், அண்ணன் ஃபீஸை மறக்கவில்லை!

ஊர் வந்து சேர்ந்ததும் அய்யங்குளம் அருகே தலையை மழித்து, மிச்சக் காசையும் வீசிவிட்டார். ஆயிரங்கால் மண்டபத்தின் அடியில் இருக்கும் பாதாள லிங்கத்தருகே அமர்ந்தவரைப் பூச்சிகள் கடித்துப் புண்ணாக்கின. சிறுவர்கள் கல் எறிந்தார்கள். பாதுகாத்தவர் சேஷாத்ரி சுவாமிகள். கோயிலுக்குள் போகும்போது அந்த இடத்தையும் பார்த்துவிடுங்கள். சும்மா இருப்பவரையும் யாரோ ஒருவர் காக்க வேண்டியிருக்கிறது.

1898-ல் தாயார் அழகம்மாள் தேடி வந்தார். பவழக்குன்றில் மகனைக் கண்டு, வீட்டுக்கு வாடா என்று அழுதார். மகன் அசையவில்லை. தாயார் திரும்பிப் போனார். ஆனால், கதை அதோடு முடியவில்லை.

மலைமேல் ஒரு அடுப்பு

ரமணாசிரமத்துக்குப் பின்னாலிருந்து மலைமேல் ஒரு பாதை போகிறது. கல் பாவிய பாதைதான். முட்டிவலி இல்லாதவர்கள் நிதானமாக ஏறலாம். வெயிலுக்கு முன் கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஸ்கந்தாசிரமம். கொஞ்சம் கீழே இறங்கினால் விரூபாட்ச குகை. வழியில் ஊரைப் பார்த்தபடி நின்றால், ஒன்பது கோபுரங்களோடு கோயில் முழுசாகத் தெரியும். அத்தனை பெரிய ராஜகோபுரம், கையில் எடுக்கும் கொலு பொம்மை அளவில் நிற்கும்.

1916-ல் அழகம்மாள் இங்கே மகனோடு வந்து தங்கிவிட்டார். மகன் வீட்டுக்கு வரவில்லை. தாய் வீட்டை இங்கே கொண்டுவந்துவிட்டார். அவர் வந்த பிறகுதான் ஸ்கந்தாசிரமத்தில் ஒழுங்காக அடுப்பு எரிந்தது. 1922 மே 19-ல் தாயார் மறைய, மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தச் சமாதிக்கு அடிக்கடி இறங்கி வந்த ரமணர், ஒருகட்டத்தில் அங்கேயே தங்கிவிட்டார். இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் தேடிவரும் ரமணாசிரமம் வளர்ந்தது, அந்தத் தாயின் சமாதியைச் சுற்றித்தான். அதன் மேல்தான் மாத்ருபூதேஸ்வரர் ஆலயம் இருக்கிறது.

தாய்க்கு முன்பும் சோறு போட ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எச்சம்மாள். கணவரையும் பிள்ளைகளையும் இழந்து, துக்கம் தாங்காமல் இந்த ஊருக்கு வந்தவர். ரமணருக்குத் தினமும் சாப்பாடு சமைத்துக் கொண்டுவருவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். மழையோ வெயிலோ, பல பத்தாண்டுகள், தன் கடைசிக் காலம் வரை அந்தத் தூக்குப் பாத்திரம் மலைக்குப் போனது. கீரை பறித்துச் சமைத்துக் கொடுத்த கீரைப்பாட்டி என்றொருவரும் உண்டு. ரமணர் வரலாற்றைப் படிப்பவர்கள் இந்தப் பெண்களின் பெயர்களைத் தாண்டிப் போக முடியாது. அருணகிரியின் அக்காவுக்குக் கிடைக்காத இடம் இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கேட்டு வாங்கிக் கட்டிய கோபுரம்

சாயங்காலம் வெயில் இறங்கியதும் மீண்டும் கோயிலுக்கு வாருங்கள். இந்த முறை வடக்குப் பக்கம். 171 அடி உயரத்தில் நிற்பது அம்மணி அம்மன் கோபுரம். அரசர் பெயரோ அமைச்சர் பெயரோ இல்லை. செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண் துறவியின் பெயர். பாதியில் நின்றுபோயிருந்த கோபுரத்தை, வீடு வீடாகக் கையேந்திப் பணம் சேர்த்துக் கட்டி முடித்தார் என்கிறார்கள். கூலி கொடுக்கப் பணம் இல்லாத நாளில் திருநீற்றைக் கொடுக்க, அது அவரவர் உழைப்புக்கேற்ற காசாக மாறியது என்பது ஊர்க் கதை.

அவரும் வீட்டை விட்டு வந்தவர்தான். அவரும் ஊர் ஊராக அலைந்தவர்தான். அக்காவிடம் வாங்கிக் கரைத்த தம்பிக்கு ஒரு கோபுரம். ஊராரிடம் வாங்கி ஊருக்கே திருப்பிக் கொடுத்த அம்மணிக்கு ஒரு கோபுரம். கிழக்கிலிருந்து வடக்குக்கு நடந்தால் சில நிமிட தூரம்தான்.

கிரிவலப் பாதையில் காவி கட்டி உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கும்போது, யார் எந்த 'சும்மா' என்று நமக்குத் தெரியாது. இந்த ஊர் அதைக் கேட்பதும் இல்லை. பசித்து வந்தால் இலை போடுகிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் எங்கோ ஒரு வீடு இருந்திருக்கும். அங்கே ஒரு அக்காவோ அம்மாவோ மனைவியோ அவர் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருப்பார். மூன்டாக்கின் மனைவி உயிலில் நிபந்தனை எழுதிவிட்டுப் போனார். நம் வீட்டுப் பெண்களில் பலர் அதைக்கூட எழுதுவதில்லை.

அடுத்த முறை டி.வி-யில் 'அருணகிரிநாதர்' போட்டால், முழுசாகப் பாருங்கள். 'முத்தைத்தரு' வந்ததும் எல்லோரும் சத்தத்தைக் கூட்டுவார்கள். நீங்கள் அதற்கு முன்னால், அக்கா வெறுங்கையோடு நிற்கும் காட்சியில் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டிவையுங்கள். வீட்டில் சிறியவர்கள் இருந்தால், 'அப்புறம் அந்த அக்கா என்ன ஆனாங்க?' என்று கட்டாயம் கேட்பார்கள். பதிலைச் சேர்ந்து யோசிக்கலாம்.